மசோதா பாதியில் நிற்கையில் ராஜினாமா

சில மாதங்களுக்கு முன் தங்கை மகளுக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கர்ப்பப் பதிவுக்குக் கொடுக்கும் பிக்மி எண் எழுதிய சீட்டு, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பலகை. அதில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. ‘பதினெட்டாயிரம்’ என்றுதான் திட்டத்துக்குப் பெயர். பக்கத்தில் இருந்த பெண் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இவர் யார் என்று செவிலியரிடம் கேட்டாள். “அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பதிலில் தவறில்லை. அவர் பெரிய டாக்டர்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மருத்துவர் என்பது ஊரறிந்த விஷயம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவரால் வந்தது என்பதும் பலருக்குத் தெரியும். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்பதும், அவையில் எழுந்து தீர்மானம் கொண்டுவந்து, மசோதா எழுதி, ஆதரவு திரட்டி அதைச் சட்டமாக்கியவர் என்பதும் மட்டும் எப்படியோ நம் நினைவிலிருந்து நழுவிவிட்டன. ‘முதல் பெண்’ என்ற பட்டியலில் அவரை ஏற்றிவிட்டோம். மருத்துவக் கல்லூரியில் முதல், சட்டமன்றத்தில் முதல், துணைத் தலைவராக முதல் என்று அடுக்குகிறோம். உள்ளே போனவர் அங்கே என்ன வேலை செய்தார் என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அவர் வாழ்வின் மிகக் கூர்மையான பகுதி அந்த மூன்றரை ஆண்டு அவைப்பணிதான். அது முடிந்த விதம்தான் எனக்கு இன்றுவரை உறுத்தல்.

அவைக்குள் வந்த கதை

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் வந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாகாணங்களில் அதை முதலில் கொடுத்தது சென்னைதான். ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு என்பதால், பட்டியலில் ஏறிய பெண்கள் மிகக் குறைவு. உறுப்பினராகும் உரிமை அதற்கும் பிறகு, 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்ப் பக்கம் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். அதன் பின் இந்திய மாதர் சங்கம் சொன்ன பெயரை அரசு ஏற்று, முத்துலட்சுமியை நியமன உறுப்பினர் ஆக்கியது. அவர் போட்டியிடவில்லை, வாக்குக் கேட்கவில்லை. லண்டனில் பெண்கள், குழந்தைகள் நோய் மருத்துவம் மேற்படிப்புப் படித்துவிட்டுத் திரும்பியிருந்த நேரம் அது. அவைக்குப் போனால் மருத்துவத் தொழில் கெட்டுவிடும் என்று தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். 1927இல் உறுப்பினரான அவரை அதே ஆண்டில் அவை துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த மாகாணம். கோட்டைக்குள் கூடிய அவையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள். ஜமீன்தார்கள், வக்கீல்கள், அரசு அதிகாரிகள், சுயராஜ்யக் கட்சிக்காரர்கள், நீதிக் கட்சிக்காரர்கள். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மந்திரிகளிடம். நிதியும் போலீசும் கவர்னரின் கையில். மந்திரிகளிடம் துறை இருந்தது, பணம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட அவையில் கட்சி பலம் இல்லாத நியமன உறுப்பினர் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று யாருக்கும் தோன்றும்.

அவர் செய்தவற்றைப் பார்த்தால் ஒரு மருத்துவரின் கண் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தில் விலக்குக் கேட்டார். பெண்ணின் திருமண வயதைப் பதினாறுக்கும் ஆணின் வயதை இருபத்தொன்றுக்கும் உயர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். பின்னால் 1929இல் மத்தியச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்றே நிறுத்திக்கொண்டது. பிரசவ அறையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தாய்மாரைக் கண்ட ஒருவர் அவையில் பேசும்போது, அந்தப் பேச்சை வெறும் கொள்கை விவாதமாக யாராலும் தள்ளிவிட முடிந்திருக்காது. நடுவே, இந்தியாவின் கல்வி நிலையை ஆராய அமைத்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராகி நாடு முழுக்கச் சுற்றினார். இவை எல்லாமே பெரிய வேலைகள். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறொரு சட்டத்தில்.

நிலத்தில் இருந்த முடிச்சு

பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றி நாம் பேசும்போது கோயில், கலை, ஒழுக்கம் என்று பேசுகிறோம். முத்துலட்சுமி அதன் அடியில் இருந்த நிலத்தைப் பார்த்தார். கோயில் பணிக்காகத் தாசி குடும்பங்களுக்குக் காலங்காலமாக இனாம் நிலம் இருந்தது. குடும்பத்தில் ஒரு பெண் கோயில் பணியில் இருக்கும்வரைதான் அந்த நிலம் அவர்களுக்கு. பணி செய்ய ஆள் இல்லையென்றால் நிலம் போய்விடும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சோறு போடும் நஞ்சை கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரு மகளுக்குப் பொட்டுக்கட்டியே ஆக வேண்டும். அந்தத் தாய்க்குத் தன் மகள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. மகளை விடுவித்தால் மறுநாள் முதல் குடும்பம் என்ன சாப்பிடும் என்பதுதான் கேள்வி. அறிவுரையும் பிரசங்கமும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

1927 நவம்பரில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றுக்கொண்டது. தீர்மானம் என்பது அரசுக்கு விடுக்கும் வேண்டுகோள்தான். அரசு செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அதோடு அவர் நிறுத்தவில்லை. அப்போதுதான் வந்திருந்த இந்து சமய அறநிலையச் சட்டத்தையே எடுத்து, அதற்கு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். இனாம் நிலத்தைக் கோயில் பணியிலிருந்து பிரித்துவிடுவது, பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அதை வைத்திருக்கும் பெண்ணுக்கே, அதற்கு ஒரு வரி கட்டினால் போதும் என்பது அதன் சாரம். 1929இல் அது சட்டமானது. பொட்டுக்கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் யாருக்கும் ஆணையிடவில்லை, யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டாலும் நிலம் போகாது என்ற ஒரு உறுதியை மட்டும் கொடுத்தது. சட்டம் இயற்றும் வேலை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ஒரு வழக்கம் எதன்மேல் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கல்லை மட்டும் உருவி எடுப்பது.

எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. காங்கிரஸின் சத்தியமூர்த்தியே எதிர்த்துப் பேசினார். காந்தி தம் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தாசி குலத்தில் பிறந்து அந்தக் கொடுமையை உள்ளிருந்து கண்டவர் அவர். அதே குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எங்கள் கலையையும் தொழிலையும் சொத்துரிமையையும் ஒட்டுமொத்தமாகக் களங்கம் என்று எழுதிவிடாதீர்கள் என்பது அவர்கள் கேட்டது. அந்த மனுவை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்று பரதநாட்டியம் என்று சொல்லும் சதிரை ஆடியவர்களின் கையிலிருந்து ஆட்டம் பிறகு வேறு வீடுகளுக்குப் போய் மேடையேறிப் பெருமை பெற்றதை நாம் பார்த்தோம். ஆடியவர்களின் பேத்திகளுக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைக்கவில்லை. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவர். இரண்டு பக்க வலியும் தெரிந்தவர்தான் மசோதாவை எழுதினார் என்று நம்புகிறேன். ஆயினும் அந்தப் பெண்களில் ஒருவர்கூட அவையில் உட்கார்ந்து தம் நியாயத்தைச் சொல்லும் நிலை இருக்கவில்லை. அது அந்த அவையின் குறை.

1930

நிலத்தை விடுவித்த பிறகு அடுத்த படி, பொட்டுக்கட்டுவதையே சட்டப்படி தடுப்பது. அதற்கான மசோதாவை 1930இன் தொடக்கத்தில் அவையில் வைத்தார். மக்கள் கருத்தறிய அதைச் சுற்றுக்கு விட்டார்கள். அந்த நேரத்தில்தான் நாடு வேறொரு பக்கம் திரும்பியது. மார்ச்சில் தண்டி யாத்திரை தொடங்கியது. ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து, மாதக் கடைசியில் கைதானார். மே 5ஆம் தேதி காந்தியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா அப்படியே நின்றது.

இதைப் பற்றி எனக்கும் பெரியம்மாவுக்கும் பல நாள் வாக்குவாதம். பெரியம்மா உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். எண்பதைத் தொட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு நாளிதழை வரி விடாமல் படிப்பவர். அந்த ராஜினாமா தவறு என்று நான் சொன்னதும் நாளிதழை மடித்து வைத்துவிட்டார்.

“தவறு என்று எந்த வாயால் சொல்கிறாய்? வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய கைகளில் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டுமா?”

“நாற்காலியை அரசாங்கம் கொடுத்திருக்கலாம் பெரியம்மா. அதில் உட்கார்ந்து அவர் செய்த வேலை அந்தப் பெண்களுக்கானது. அவர் எழுந்து போனதில் கவர்னருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் முழுக்க அடுத்த வருடம் பொட்டுக்கட்டப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு.”

“அவர் இருந்திருந்தால் மட்டும் சட்டம் வந்திருக்குமா? கருத்துக் கேட்கிறோம் என்று சுற்றுக்கு விட்ட மசோதா எத்தனை வருடம் சுற்றும் தெரியுமா?”

“வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் உள்ளே இருந்திருப்பார்.”

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நீ அவரை இன்றைய எம்.எல்.ஏ. மாதிரி நினைத்துப் பேசுகிறாய். ஓட்டுப் போட்டு அனுப்பிய தொகுதி இருந்தால், நீ சொல்வது நியாயம். அந்த மக்களைக் கேட்காமல் எழுந்து வரக் கூடாது. அவருக்கு ஏது தொகுதி? நியமித்தது அரசாங்கம். நியமித்தவனுக்கு அவர் திருப்பிக் கொடுக்க முடிந்தது அந்த நியமனம் ஒன்றுதான்.”

இந்தப் பதில் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் நியமிக்கப்பட்டவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் அதுவரை கணக்கில் எடுத்துப் பார்க்கவில்லை. வாக்களித்தவர்கள் கொடுத்த இடத்தை விட்டுப் போவது வேறு, ஆள்பவர்கள் கொடுத்த இடத்தை அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பது வேறு. பெரியம்மா சொன்னதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். நாட்டின் மானத்துக்காக அவர் செய்தது சரி. ஆனால் மறுபாதி என் மனத்தில் அப்படியே இருக்கிறது. யார் நியமித்தார்கள் என்பது அவையின் ஏட்டில் இருக்கும் செய்தி. அவர் யாருக்காகப் பேசினார் என்பதை வைத்துப் பார்த்தால் அவருக்கும் ஒரு தொகுதி இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத, பத்து வயது நிரம்பாத குழந்தைகளின் தொகுதி. அவர்களிடம் விடை பெற்றுக்கொள்ள வழியே இல்லை.

பிறகு நடந்ததைப் பார்த்தால் என் உறுத்தல் கூடத்தான் செய்கிறது. 1937இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அந்த அவையில் வேறொரு பெண் உறுப்பினர் அதே நோக்கத்தோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1939 அக்டோபரில், இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்து அந்த அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. மசோதா இரண்டாம் முறையும் நின்றது. இரண்டு முறையும் காரணம் உயர்ந்தது. இரண்டு முறையும் காத்திருந்தவர்கள் அதே குழந்தைகள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல் நிறைவேறியது. பதினேழு ஆண்டுகள். 1930இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டி, அவள் தன் வாழ்வு இன்னது என்று புரிந்துகொள்ளும் வயதுக்கு வந்துவிடும் காலம் அது.

கதவைத் தட்டியவர்கள்

அந்த 1930இலேயே வேறொன்றும் நடந்தது. பொட்டுக்கட்டும் வாழ்வு வேண்டாம் என்று வெளியேறிய இளம் பெண்கள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைப் படிக்க வைக்க நகரத்தில் இருந்த மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் கையை விரித்துவிட்டன. அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

இந்தச் சம்பவத்தை அவருடைய இரக்க குணத்துக்குச் சாட்சியாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சட்டம் எந்த இடத்தில் முடிகிறது என்பதை அந்தக் கதவுதான் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். நிலத்தை விடுவிக்கும் சட்டத்தை அவர் எழுதினார், அது நிறைவேறியது, ஒரு பெண் துணிந்து வெளியே வந்தும் விட்டாள். வந்தவள் அன்று இரவு எங்கே படுப்பாள் என்பதற்குச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. விடுதிக் காப்பாளரின் மனத்தைத் திருத்தும் பிரிவு எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது. சட்டம் செய்தவரே அதன் மறுமுனையில் வந்து நின்று, வெளியே வந்தவர்களுக்குப் பாயும் தட்டும் புத்தகமும் கொடுக்க வேண்டியிருந்தது. அவைப்பணியையும் சமூகப்பணியையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பேசும் நம் பழக்கம் அவர் விஷயத்தில் எடுபடாது. ஒன்று விட்ட இடத்தில் மற்றது தொடங்கியது.

பதவி போன பிறகு அவர் ஓய்ந்துவிடவும் இல்லை. பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கொடுங்கள் என்று 1933இல் லண்டனில் பாராளுமன்றக் கூட்டுக் குழு முன் சாட்சியம் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சென்னை மாநகராட்சியில் பணியாற்றினார். 1923இல் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனதிலிருந்து மனத்தில் வைத்திருந்த மருத்துவமனையை, வீடு வீடாக நிதி கேட்டு, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறில் திறந்தார். 1952இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் நேரு. இந்த மருத்துவமனையை வைத்துத்தான் நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரியும். 1929இல் ஒரு சட்டத்தில் சேர்த்த பிரிவு தெரியாது. அந்தப் பிரிவால் பொட்டுக்கட்டாமல் தப்பிய பெண்ணின் கொள்ளுப் பேத்தி இன்று எங்கேயோ கணினி முன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பாள். தன் வீட்டுப் பட்டாவுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிபாரிசுக் கடிதமும் கேள்வியும்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போக நேர்ந்தது. தெரிந்த குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அரசு மாணவியர் விடுதியில் கிடைக்கவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும். அவள் அப்பாவோடு நானும் போனேன். காலை எட்டரைக்கே வராந்தா நிரம்பியிருந்தது. முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர், டிரான்ஸ்பர் கேட்டு வந்த கண்டக்டர், காதுகுத்துப் பத்திரிகையோடு ஒரு குடும்பம், மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கடிதம் கேட்டு ஒரு அம்மா. உதவியாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பொறுமையாகக் கேட்டு, கடிதத்தாளில் இரண்டு வரி தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லா அலுவலகக் கதவும் மூடிய பிறகு வருகிறவர்கள்தான் அந்த வராந்தாவில் நிற்கிறார்கள்.

ஆனால் அந்த வராந்தாவில் நின்றபோது ஒன்று உறைத்தது. அந்த விடுதியில் ஒரு இடம் இருந்தால், சிபாரிசுக் கடிதம் அதை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்கும். இடங்களின் எண்ணிக்கை கூடாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை இடம் இருக்கிறது, மீதிப் பேருக்கு அரசு என்ன வைத்திருக்கிறது என்பதை அவையில் கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் ஏட்டில் ஏறும். அடுத்த ஆண்டு வேறொருவர் அதைக் காட்டிக் கேட்கலாம். மாநிலத்தில் 234 பேருக்கு மட்டும் இருக்கும் உரிமை இது. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. அதில் நிழற்குடை எங்கே, சிமென்ட் சாலை எங்கே என்று நாம் விரல் விட்டு எண்ணுகிறோம். அவையில் என்ன கேட்டார் என்று யாரும் எண்ணுவதில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசையாக வந்து, விவாதம் அதிகம் இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும்போது, நம் தொகுதிக்காரர் அதைப் படித்துப் பார்த்தாரா என்றும் கேட்பதில்லை. உறுப்பினர்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நாம் அதைத்தான் கேட்கிறோம்.

கடிதம் வேண்டாம் என்று அந்தத் தந்தையிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் கடிதம் வாங்கிக்கொண்டார். நான் தனியாக ஒரு மனுக் கொடுத்தேன். மாவட்டத்தில் உள்ள மாணவியர் விடுதிகளின் பெயர்கள், ஒவ்வொன்றிலும் உள்ள இடங்கள், இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்கள், காலியாக இருக்கும் காப்பாளர் பணியிடங்கள் ஆகியவற்றை துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது அவையில் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். உதவியாளர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “எந்தப் பிள்ளைக்கு இடம் வேண்டும்மா? பெயர் எழுதவில்லையே” என்றார். எந்தப் பிள்ளைக்கும் தனியாக வேண்டாம், கேள்வி கேட்டால் போதும் என்றேன். சற்றுத் தயங்கி, கடிதத்துக்கான அடுக்கில் வைக்கப் போனவர், கையை நிறுத்தி, மேசையின் மறுபக்கம் இருந்த ஃபைலில் செருகினார்.

பெரியம்மாவிடம் சொன்னபோது, “கேட்காவிட்டால் என்ன செய்வாய்?” என்றார். அடுத்த கூட்டத்தொடருக்கும் மனுக் கொடுப்பேன் என்றேன். விவாதக் குறிப்புகள் வெளிவந்ததும் தமக்கும் ஒரு நகல் எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முத்துலட்சுமியின் ராஜினாமா பற்றிய வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.